மார்த்தாண்டம் கண் கிளினிக்: டோக்கன் சரி, சொட்டு மருந்தில்தான் சிக்கல்

போனிலேயே டோக்கன் நேரம் சொல்லிவிடுகிறார்கள். அருமனை, குலசேகரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு வசதி. சிக்கல் உள்ளே. டாக்டர் ஒருமுறை பார்த்த பிறகே கண்மணி விரியச் சொட்டு விடுகிறார்கள். விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களுக்கு மறுபடியும் விட வேண்டிவரும். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு வரிசை.

பவர், கண் அழுத்தம் இரண்டையும் முதலில் பார்த்து, குறுகிய கோணக் கண் (இந்தச் சொட்டு விட்டால் கண் அழுத்தம் திடீரென ஏறக்கூடிய கண்) உள்ளவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, விழித்திரை பார்க்க வந்த மற்றவர்களுக்கு நர்ஸே சொட்டு விடலாம். விட்ட நேரத்தைச் சீட்டில் குறிப்பதுமில்லை. யாருக்குக் கண்மணி விரிந்துவிட்டது என்று டார்ச் அடித்துத்தான் தேடுகிறார்கள்! கட்டணம் நியாயம், பரிசோதனையில் அவசரமில்லை. பைக்கில் தனியாகப் போகாதீர்கள், திரும்பும்போது மேம்பாலத்து வெயில் கூசும்.