வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: கோடி பிளேயர் இதைச் சரிசெய்கிறதா?

கோடி பிளேயரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் ஸ்கின் (திரைத் தோற்றம்), ஆட்-ஆன் (கூடுதல் வசதி), போஸ்டர் போஸ்டராக அடுக்கி நிற்கும் லைப்ரரி, இவற்றைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். திரையில் வாய் ஒரு நேரம் அசைய, குரல் வேறு நேரம் வந்து விழும் தொல்லை இருக்கிறதே, அதை முழுசாகத் தீர்க்க இடம் கொடுக்கும் பிளேயர் என்பதால்தான் வீட்டில் இதை வைத்திருக்கிறேன். ஆனால் தீர்க்கும் வழிகளை மெனுவுக்குள் நாலு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஒன்றை மெனுவிலேயே வைக்கவில்லை. அதனால் பாராட்டோடு கொஞ்சம் புலம்பலும் வரும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தொடங்கி எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014ல் கோடி என்று பெயர் மாறிய இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு டிவி எல்லாவற்றிலும் ஓடும். என்னிடம் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில், கோடியை ஓட்டுவதற்கென்றே இருக்கும் லிப்ரெஎலெக் இயங்குதளத்தைப் போட்டு ஓடுகிறது, டிவி ரிமோட்டே அதற்கும் வேலை செய்கிறது. அப்புறம், கோடி தானாக எந்தப் படத்தையும் தராது, நம்மிடம் இருக்கும் கோப்புகளைத்தான் ஓட்டும். "எல்லாப் படமும் ஃப்ரீ" என்று பெட்டியோடு சேர்த்து விற்கிறார்களே, அது வேறு சரக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்போதைய டிவிகள் படத்தை அப்படியே காட்டுவதில்லை. அசைவை வழவழப்பாக்குகிறேன், இரைச்சலை எடுக்கிறேன் என்று ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும், பிடித்து வைத்து வேலை பார்த்துவிட்டுத்தான் திரைக்கு அனுப்புகின்றன. அந்த நேரத்தில் ஒலி நேராக சவுண்ட்பாருக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ போயிருந்தால் குரல் முந்திக்கொள்ளும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் கதை தலைகீழ்: ஒலியைச் சுருக்கி, அனுப்பி, அங்கே விரித்து ஒலிக்க வைப்பதற்குள் சாதாரணமாகவே 150, 200 மில்லி விநாடி ஓடிப்போகும், குரல் பின்தங்கும். இதில் முந்துவதுதான் அதிகம் உறுத்தும். பெரிய மைதானத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் மட்டை சுழல்வது முதலில் தெரியும், 'டொக்' சத்தம் பிறகு வரும், நம் மூளைக்கு அது பழகிப்போனது. சத்தம் முதலில் வந்து காட்சி பிறகு வருவது இயற்கையில் கிடையாது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரையும் இதையே எண்களில் சொல்கிறது: ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை.

இங்கேதான் பிளேயரின் அருமை தெரியும். டிவியிலும் சவுண்ட்பாரிலும் இருக்கும் 'ஆடியோ டிலே' வசதி ஒலியைத் தாமதப்படுத்தத்தான் உதவும், முன்னால் இழுக்காது. இன்னும் வந்து சேராத ஒலியை அவை எங்கிருந்து எடுக்கும்? பிளேயர் அப்படியில்லை, மொத்தக் கோப்பும் அதன் கையில் இருக்கிறது, முன்னாலும் நகர்த்தலாம், பின்னாலும் நகர்த்தலாம். புளூடூத்தால் பின்தங்கிய குரலை சவுண்ட்பாரின் டிலே பட்டனில் சரிசெய்யப் பார்ப்பவர்கள் என்ன செய்தாலும் அது இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

கோடியில் படம் ஓடும்போதே பல்சக்கர ஐகானை அழுத்தி, ஆடியோ செட்டிங்ஸுக்குள் போனால் 'ஆடியோ ஆஃப்செட்' கிடைக்கும். 25 மில்லி விநாடிப் படிகளாக, இரண்டு பக்கமும் 10 விநாடி வரை நகரும். இடதா வலதா என்று குழம்ப வேண்டாம், ஸ்லைடர் மேல் ஒலி தாமதமாகிறதா முந்துகிறதா என்று எழுத்திலேயே காட்டும். படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், காது கேட்டபடியே நகர்த்தலாம். கணினியில் விஎல்சி வைத்திருப்பவர்கள் 'ஜே', 'கே' விசைகளில் 50 மில்லி விநாடிப் படிகளாக இதைச் செய்வார்கள். அவசரத்துக்கு அது கோடியைவிட வேகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோடி அந்தந்தக் கோப்புக்கு நாம் வைத்ததை நினைவில் வைத்துக்கொள்கிறது, அடுத்த வாரம் மீதிப் படத்தைப் போட்டாலும் அதே அளவில் வரும். எல்லாப் படத்துக்கும் ஒரே குறை என்றால் அதே மெனுவின் கீழே 'எல்லா மீடியாவுக்கும் இதையே வை' என்ற வரி இருக்கிறது. பலர் அதுவரை இறங்கிப் பார்ப்பதே இல்லை, படத்துக்குப் படம் ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

எதை வைத்துச் சோதிப்பது? தமிழ்ப் படத்தை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள்! நம் படங்களில் பெரும்பாலும் குரல் பிறகுதான் ஸ்டூடியோவில் பதிவாகிறது, கதாநாயகிக்கு வேறொருவர் குரல் கொடுப்பதும் சாதாரணம், மொழிமாற்றுப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். உதடு பொருந்தாதது டிவியின் குற்றமா டப்பிங் தியேட்டரின் குற்றமா என்று கடைசிவரை தெரியாது. நேரடிச் செய்தி வாசிப்பின் பதிவு நல்லது. அதைவிடச் சிறந்தது மிருதங்கத் தனி ஆவர்த்தனம், கேமரா வாசிப்பவரின் விரலுக்கு அருகில் இருக்கும் பதிவாகப் பாருங்கள். விரல் தோலில் விழும் கணம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், 25 மில்லி விநாடிப் படியை அங்கே நிதானமாக நகர்த்திப் பார்க்கலாம். இன்னும் எளிது, யாரையாவது கைதட்டச் சொல்லி மொபைலில் எடுத்துப் போடுவது.

இப்போது புலம்பல். டிவி படத்தைத் தாமதிக்கும் அளவு எல்லா நேரமும் ஒன்றல்ல. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், நம்மூர்த் தொலைக்காட்சிப் பதிவுகள் 25. பிளேயர் செட்டிங்ஸில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை ஆன் செய்தால் கோடி கோப்புக்கேற்ப டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) 24 ஹெர்ட்ஸுக்கோ 50 ஹெர்ட்ஸுக்கோ மாற்றும். அசைவு நன்றாக இருக்கும் என்பதால் கட்டாயம் ஆன் செய்ய வேண்டிய வசதி, நிறுவியதும் ஆஃபில்தான் இருக்கிறது என்பது தனி எரிச்சல். ஆனால் 24 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 42 மில்லி விநாடி, 50ல் வெறும் 20. டிவி நாலைந்து ஃபிரேமைப் பிடித்து வைத்தால் தாமதம் எவ்வளவு மாறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். என் டிவியில் சினிமாவுக்கு ஆஃப்செட்டை 150 மில்லி விநாடி வைத்தால் சரியாக இருக்கிறது, சீரியல் பதிவுக்கு 75 போதும். ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் வைத்தால் ஒன்று சரியாகும், ஒன்று கெடும்.

இதற்கும் கோடியில் தீர்வு இருக்கிறது, அதுவும் அழகான தீர்வு: ஒவ்வொரு ரெஃப்ரெஷ் ரேட்டுக்கும் தனித்தனித் தாமதம். எங்கே? மெனுவில் இல்லை. கோடி தன் அமைப்புகளைச் சேமிக்கும் யூசர்டேட்டா ஃபோல்டருக்குள் 'அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பை நாமே உருவாக்கி, வீடியோ பகுதிக்குள் 'லேட்டன்சி' (தாமதம்) என்று போட்டு, அதற்குள் 23லிருந்து 24 ஹெர்ட்ஸ் வரை இவ்வளவு, 49லிருந்து 51 ஹெர்ட்ஸ் வரை இவ்வளவு என்று எழுதிச் சேமித்து, கோடியை மூடித் திறக்க வேண்டும். கைப்பழக்கம் இருப்பவருக்குப் பத்து நிமிட வேலை. ரிமோட்டை மட்டும் தெரிந்த வீட்டுக்காரருக்கு இது இல்லாததற்குச் சமம். இத்தனை பதிப்பு வந்த பிறகும் இதை ஒரு ஸ்லைடராக வைக்கவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

இன்னொரு பொறி 'சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே'. பெயரைப் பார்த்தால் நம் நோய்க்கே செய்த மருந்து போலிருக்கும், அதனால் எல்லாரும் அதைத்தான் முதலில் ஆன் செய்கிறார்கள். அது உண்மையில் படத்தைத் திரையின் துடிப்போடு ஓட்டிவிட்டு, அதற்கேற்ப ஒலியின் வேகத்தை நூலளவு கூட்டிக் குறைக்கும் வசதி, அசைவு தடுக்காமல் ஓடுவதற்கானது. டிவி விழுங்கும் 150 மில்லி விநாடியை அது திருப்பித் தராது. போதாததற்கு, டால்பி ஒலியைப் பிரிக்காமல் அப்படியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் பாஸ்த்ரூவோடு இது ஒத்துவராது, பிரிக்காத ஒலியின் வேகத்தை மாற்ற வழியில்லையே. பாஸ்த்ரூ பயன்படுத்துபவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கோடியால் முடியாததும் உண்டு. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகும் கோப்புக்கு ஆஃப்செட் உதவாது. 24 ஃபிரேமுக்கான ஒலியை 23.976 ஃபிரேம் வீடியோவோடு ஒட்டியிருந்தால் மணிக்கு 3.6 விநாடி விலகும். பழைய படங்களில் டிவி ஒளிபரப்பிலிருந்து எடுத்த ஒலியை டிஸ்க் வீடியோவோடு சேர்த்த கோப்புகள் இன்னும் மோசம், ஒளிபரப்பில் 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமாக வேகப்படுத்தி ஓட்டும்போது இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிடம் சீக்கிரமே முடிந்துவிடும், இடைவேளை வருவதற்குள் வசனமும் காட்சியும் வேறு வேறு ஊரில் இருக்கும். ஆகவே முதலில் பத்தாவது நிமிடத்திலும் கடைசிப் பத்து நிமிடத்திலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் ஆஃப்செட். வளர்ந்துகொண்டே போனால் கோப்பில்தான் கோளாறு, அந்த ஒலியை எஃப்எஃப்எம்பெக் மாதிரி கருவியில் வேகம் மாற்றி மறுபடி சேர்க்க வேண்டும். மாறாத அளவு விலகல் உள்ள எம்கேவி கோப்பை நிரந்தரமாகச் சரிசெய்ய நினைத்தால் எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ஒலித் தடத்துக்கு டிலே கொடுத்துச் சேமிக்கலாம், தரம் துளியும் குறையாது, பிறகு எந்தப் பிளேயரிலும் சரியாக ஓடும்.

கோடியில் வைத்த ஆஃப்செட் கோடிக்குள் மட்டும்தான். அதே டிவியில் ஓடிடி ஆப்பைத் திறந்தால் பழைய குறை அப்படியே இருக்கும். ஓடிடி மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு இதற்காகக் கோடியைப் போடச் சொல்ல மாட்டேன். டிவியில் கேம் மோடையோ அசைவை வழவழப்பாக்கும் வசதியை ஆஃப் செய்வதையோ முதலில் முயன்று பாருங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் இருந்தால் டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ் மெனுவில் ஏவி சிங்க் டியூனிங் இருக்கிறது, அதைத் திறந்து திரையில் காட்டுவதையும் சத்தத்தையும் ஒரே நேரத்தில் விழும்படி நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.