ஜே305 கைகர் மானி: அணு ஆயுத நாட்டில் கலகம் என்றால் இது எதைக் காட்டும், எதைக் காட்டாது

ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய்ச் சுற்றில் விற்கும் கையடக்கக் கதிர்வீச்சு மானிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே சாமான்தான்: சுண்டுவிரல் பருமனும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஜே305 என்ற கண்ணாடிக் குழாய். மேலே ஒட்டியிருக்கும் பெயரும் பெட்டியின் நிறமும்தான் கடைக்குக் கடை மாறும். அணு ஆயுதம் வைத்திருக்கும் நாட்டில் ராணுவக் கலகம், ஏவுகணைப் பதற்றம் என்று செய்தி வந்தால், இதையே வீட்டுப் பாதுகாப்புக் கருவி என்று விளம்பரம் செய்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்கள் வாங்கலாமா? பள்ளி ஆய்வகத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் தாராளமாக வாங்கலாம். கலகத்துக்குப் பயந்து வாங்குவதானால் வேண்டாம். காரணத்தைச் சொல்லும் முன் கருவியைப் பார்த்துவிடுவோம்.

குழாய்க்குள் அழுத்தம் குறைந்த வாயு, இரு முனைகளுக்கு நடுவே 400 வோல்ட் அளவில் மின்னழுத்தம். காமாக் கதிரோ வலுவான பீட்டாத் துகளோ உள்ளே நுழைந்தால் ஒரு மின் துடிப்பு, ஒரு 'டிக்'. நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணி, சுமார் 150 டிக்குக்கு 1 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற விகிதத்தில் ஒரு மணி நேர அளவாக மாற்றித் திரையில் காட்டும். இந்த விகிதம் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் காமாக் கதிருக்கு ஒட்டிவரும். ஆற்றல் குறைந்த கதிர்களுக்கு எண்ணைக் கூட்டியே காட்டும். அதனால் டிக் எண்ணிக்கையை நம்பலாம், மைக்ரோசீவர்ட்டைத் தோராயமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியவர்கள் அதிகம் தடுமாறுவது எண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடுவதைப் பார்த்துத்தான். சாதாரணமாக நம் ஊர் வீடுகளில் நிமிடத்துக்கு 20 டிக் அளவில் வரும். கதிர்கள் சீராக வருவதில்லை. எண்ணியதன் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு ஆட்டம் இயல்பு. 20-க்கு வர்க்கமூலம் நாலரை, அதாவது 22 சதவீதம். ஒரு நிமிடம் 15, அடுத்த நிமிடம் 26 என்று வந்தால் ஒன்றும் நடந்துவிடவில்லை. பத்து நிமிடம் எண்ணினால் 200 டிக், ஆட்டம் 7 சதவீதமாகக் குறையும். பத்து நிமிடச் சராசரி இல்லாமல் யாராவது மானியின் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் அதற்கு மதிப்பே இல்லை.

கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க டெல்டாவில் ஆய்வகம் தேடிப் போக வேண்டாம், கூட்டுறவு சங்கத்தின் உரக் கிடங்கு போதும். பொட்டாசியத்தில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 கலந்திருக்கிறது, அது கதிரியக்கம் உள்ளது. 60 சதவீதப் பொட்டாஷ் 50 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 7.7 லட்சம் பெக்கரல் இருக்கும், அதாவது நொடிக்கு அத்தனை அணுக்கள் சிதையும். எண் பெரிதாகத் தெரிந்தாலும், தொடுவதாலோ தெளிப்பதாலோ ஆபத்து கிடையாது. முதலில் மூட்டைகளை விட்டுத் தள்ளி நின்று பத்து நிமிடம் எண்ணுங்கள். பிறகு குழாய் இருக்கும் பக்கத்தைப் பொட்டாஷ் மூட்டைமேல் ஒட்டிவைத்து இன்னொரு பத்து நிமிடம். எண்ணிக்கை தெளிவாக ஏற வேண்டும். பக்கத்திலுள்ள யூரியா மூட்டைமேல் வைத்தால் ஏறக் கூடாது. இந்த இரண்டிலும் தேறாத மானியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். திருவிழாவுக்கு எடுத்த பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் கிடைத்தால் அதுவும் நல்ல சோதனைப் பொருள், அதில் தோரியம் இருக்கும். மேன்டில் தொட்டால் பொடிந்துவிடும், அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது. மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே சோதியுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் பிராகாரச் சுவரோரம் வைத்தால், வயல் வரப்பில் காட்டுவதைவிடக் கூடுதலாகக் காட்டும். கருங்கல்லில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்தான் காரணம். ராஜராஜன் காலத்திலிருந்து அப்படித்தான்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்த மானி ஊரைக் கிளப்பும். காற்றில் உள்ள ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றை மழை கழுவிக் கீழே கொண்டுவருகிறது. முதல் அரை மணி நேரத்து மழைக்குப் பின் திறந்தவெளியில் எண்ணிக்கை ஏறும். காரின் கூரையை ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை மானிக்கு அடியில் வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அலறத் தேவையில்லை, நேரத்தைக் குறித்துக்கொண்டு அரை மணிக்கொரு தடவை எண்ணுங்கள். இவற்றின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 27 நிமிடமும் 20 நிமிடமும்தான். எப்போதும் வரும் பின்னணி அளவைக் கழித்தபின் மிஞ்சும் எண் அரை மணி, முக்கால் மணியில் பாதியாகி, மூன்று நான்கு மணி நேரத்தில் மறைந்தால் அது ரேடான். மறுநாளும் அதே அளவில் நின்றால் மட்டுமே கேள்வி கேட்க வேண்டும்.

கருவியின் பலவீனமும் நம் ஊர் ஈரத்தில்தான் வெளிப்படும். 400 வோல்ட் ஓடும் பலகையில் ஈரமும் உப்புக் காற்றும் படிந்தால் மின்கசிவு ஏற்பட்டு இல்லாத டிக்குகள் கேட்கும், அல்லது மொத்தமாக நின்றுபோகும். வேதாரண்யம், நாகூர்க் கடலோரத்தில் இது சீக்கிரம் வரும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். கண்ணாடிக் குழாய்மேல் நேர்வெயில் பட்டாலும் பொய்த் துடிப்பு வரலாம், பின்மூடியைக் கழற்றி வெயிலில் காட்டாதீர்கள். லித்தியம் பேட்டரியை முழுக்க நிரப்பியும் வைக்காமல், முழுக்க வடியவும் விடாமல் பாதியில் வைத்து, மாதம் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

இனி கலகத்துக்கு வருவோம். 2023 ஜூன் 24 காலை வாக்னர் என்ற ரஷ்யத் தனியார் கூலிப்படை கலகம் செய்து ரோஸ்தோவில் ரஷ்யாவின் தெற்கு ராணுவ மாவட்டத் தலைமையகத்தைக் கைப்பற்றியது. மாஸ்கோ நோக்கிப் புறப்பட்ட அணி வழியில் ஹெலிகாப்டர்களையும் ஒரு இல்யூஷின்-22 விமானத்தையும் வீழ்த்திவிட்டு, தலைநகருக்குச் சுமார் 200 கிலோமீட்டர் இருக்கையில் பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோவின் சமரசத்தால் திரும்பியது. ஒரு பிரிவு, அணுகுண்டுச் சேமிப்புத் தளமான வொரோனெஷ்-45 இருக்கும் திசையில் பிரிந்து போனதாகச் செய்தி வந்தது. தளம் வரைக்கும் போனார்கள் என்று உக்ரைன் ராணுவ உளவுத் தலைவர் சொன்னார், அது உறுதிப்படவில்லை. ரஷ்ய அணு ஆயுத நிலையில் மாற்றம் எதையும் பார்க்கவில்லை என்று அமெரிக்கா அன்றே சொன்னது. அந்த ஒரு நாள் முழுக்க உலகத்தில் எந்தக் கைகர் மானியும் இதற்காக ஒரு டிக் கூடுதலாக அடிக்கவில்லை. ஆபத்து இருந்தது காவலில். குண்டு யார் கையில், சாவி யார் கையில் என்பதில்.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் பிரெஞ்சுத் தளபதிகள் தங்கள் அதிபர் டி காலுக்கு எதிராகக் கிளம்பியபோது, அதே அல்ஜீரியச் சகாராவின் ரெக்கானில் ஒரு அணுகுண்டு சோதனைக்குக் காத்திருந்தது. கலகம் அடங்குவதற்குள், ஏப்ரல் 25 அன்று அதை வெடித்துவிட்டார்கள். வெளிப்பட்ட ஆற்றல் 1 கிலோடன்னுக்கும் குறைவு. 1991 ஆகஸ்டில் ஆட்சியைக் கவிழ்க்கும் சதியில் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் கிரிமியாவில் அடைக்கப்பட்டபோது அணு ஆயுத உத்தரவுப் பெட்டியும் அவர் கையைவிட்டுப் போனது. இதே போன்ற பெட்டி பாதுகாப்பு அமைச்சரிடமும் இருந்தது. அமைச்சர் யாசோவோ சதிகாரர்களில் ஒருவர்.

கலகக்காரன் குண்டைத் தூக்கிக்கொண்டு போய் வெடித்துவிடுவான் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். குறியீட்டுப் பூட்டும் அதற்கான ஆட்களும் இல்லாமல் அது எளிதல்ல. அதைவிட நடக்கக்கூடியவை வேறு. பத்திரப்படுத்துவதற்காக அரசே குண்டுகளை லாரியில் ஏற்றி இடம் மாற்றும், செயற்கைக்கோளில் பார்க்கும் எதிரிக்கு அது தாக்குதலுக்கு ஆயத்தம் போலத் தெரியும். இரண்டு தலைமைகள் இரண்டு உத்தரவு போடும், எதை ஏற்பது என்று கீழே இருக்கும் அதிகாரி தானே தீர்மானிக்க வேண்டிவரும். சண்டை நடக்கும் சாலையோரத்தில் அணுமின் நிலையம் இருக்கும். வாக்னர் போன எம்4 நெடுஞ்சாலைப் பகுதியில் நோவோவொரோனெஷ் நிலையம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அளவுகோல் தூதரகங்களிடமும் ராணுவத் தொலைபேசிகளிடமும்தான் உண்டு. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு, 1988-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, போர்க் காலங்களிலும் நிற்காமல் தொடர்கிறது. நம் பாதுகாப்புக்கு அந்தக் காகிதம் செய்வதை ஐயாயிரம் ரூபாய் மானி செய்யாது.

கலகத்துக்கே உரிய விபத்து ஒன்று உண்டு: கிடங்கில் சண்டை மூண்டு, அணு வெடிப்பு நடக்காமல், குண்டுக்குள் இருக்கும் சாதாரண வெடிமருந்து மட்டும் வெடித்து புளுட்டோனியம் தூளாகச் சிதறுவது. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பலோமாரெஸில் அமெரிக்க விமானம் நொறுங்கி, விழுந்த குண்டுகளில் இரண்டுக்கு இதுதான் நேர்ந்தது. சுமார் 1,400 டன் மண்ணையும் செடிகொடிகளையும் அள்ளி அமெரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். புளுட்டோனியம் வெளிவிடுவது ஆல்பா துகள். நாலு சென்டிமீட்டர் காற்றே அதைத் தடுத்துவிடும், ஜே305-ன் கண்ணாடியைத் தாண்டி ஒன்றுகூட உள்ளே போகாது. அதாவது, எந்த ஆபத்தைச் சொல்லி இதை விற்கிறார்களோ அதன் முதல் வடிவத்துக்கே இந்த மானி குருடு. ஆல்பாவுக்கு மெல்லிய மைக்கா ஜன்னல் வைத்த மானி வேண்டும், அதன் விலை பல மடங்கு.

குண்டு நிஜமாகவே வெடித்த இடத்துக்கு அருகில் நேர் எதிரான பிரச்சினை. கதிர்வீச்சு மிகுந்தால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழாய் திணறும். எண் விறுவிறுவென ஏறி, பிறகு குறைந்து சுழியம் காட்டும் மானிகள் உண்டு. அந்தச் சுழியத்தை நம்பி வெளியே போவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. அங்கே கைகொடுப்பது கடிகாரம்: வெடித்தபின் நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும். வெடித்து 1 மணி நேரம் ஆனபோது அளவு 1,000 என்றால், 7 மணி நேரம் ஆனபோது 100, 49 மணி நேரம் ஆனபோது 10. முதல் ஒரு நாளாவது தளம் போட்ட வீட்டின் நடு அறையில் இருப்பதுதான் வழி, ஓட்டு வீடும் கீற்று வீடும் போதாது.

ரோஸ்தோவிலிருந்து தஞ்சாவூர் 5,000 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் காற்றில் வரும் தடயத்தை ஜே305-ன் 20 டிக் பின்னணியில் பிரித்தறிய முடியாது. ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலைய விபத்தின் தடயத்தை மற்றக் கண்டங்களில் பிடித்தவை, காற்றை வடிகட்டி காமா நிறமாலை எடுக்கும் (எந்தப் பொருளின் கதிர் என்று பிரித்துக் காட்டும்) நிலையங்கள். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கண்காணிப்பு வலையமைப்பு இரவு பகலாக அளக்கிறது.

டெல்டாவுக்கு முதலில் வந்து சேரும் பாதிப்பு கதிரல்ல, உரம். பொட்டாஷ் உற்பத்தியில் கனடாவுக்கு அடுத்து நிற்பவை ரஷ்யாவும் பெலாரஸும். இந்தியா தன் தேவைக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும். வாக்னர் கலகம் நடந்தது 2023 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து பன்னிரண்டாம் நாள், குறுவைக்கு அடியுரம் போடும் வேளை. குறுவைக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ சாம்பல் சத்து, 60 சதவீதப் பொட்டாஷ் உரமாக 83 கிலோ. ஏக்கருக்கு 34 கிலோ, ஒரு மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. மண் பரிசோதனை செய்து, வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மடக்கினால் அதில் ஒரு பகுதி மிச்சமாகும். ஐயாயிரம் ரூபாயைக் கலகத்துக்கு எதிராகச் செலவழிக்க நினைக்கும் விவசாயி, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சில விற்பனையாளர்கள் மானியோடு அயோடின் மாத்திரையையும் சேர்த்துத் தருகிறார்கள். அது தைராய்டுக்குள் கதிரியக்க அயோடின் சேராமல் தடுக்க மட்டும், அதுவும் அரசு சொல்லும் நேரத்தில். சீசியத்துக்கும் புளுட்டோனியத்துக்கும் அது எதுவும் செய்யாது. மருத்துவர் சொல்லாமல் வாங்கி விழுங்காதீர்கள்.

பழைய இரும்புக் கடைக்காரர்கள் மட்டும் யோசிக்காமல் வாங்கலாம். 2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு வந்த கோபால்ட்-60-ஐப் பிரித்து ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அது வந்தது ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட கருவியிலிருந்து. அங்கேயும் குறை காவலில்தான். கோபால்ட்-60 காமாவை ஜே305 நன்றாகவே பிடிக்கும். ஈயத்தாலான கனத்த உருளையோ, மூன்றிதழ் எச்சரிக்கைச் சின்னமோ உள்ள சரக்கு வந்தால் வண்டியிலிருந்து இறக்கும் முன் மானியை நீட்டுங்கள். எண் பின்னணியைவிட மூன்று மடங்கு காட்டினால் வெட்டாதீர்கள், உடைக்காதீர்கள். ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: டிக் எண்ணிக்கையைத் தனியாகக் காட்ட வேண்டும், மைக்ரோசீவர்ட் மட்டும் காட்டுவது வேண்டாம். மொத்த டிக்கையும் நேரத்தையும் சேர்த்து எண்ணும் வசதி வேண்டும். உச்ச வரம்பு என்ன, வரம்பு தாண்டினால் திரை என்ன காட்டும் என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். குழாயின் பெயர் சொல்லாத விற்பனையாளரைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்கு என்றே வாங்குபவர்கள், மின்சாரம் போனாலும் திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் பிடிக்கும் பேட்டரி ரேடியோ ஒன்றை முதலில் வாங்குங்கள். கஜா புயலில் டவர்கள் சாய்ந்து செல்போன் ஊமையான ஊர்களுக்கு அதன் அருமை தெரியும். மீதிப் பணம் இருந்தால் பிறகு மானி.