கணவருக்குச் சோதனை எடுக்காமல் உங்களுக்கு மாத்திரை எழுதினால் நம்பாதீர்கள்

கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை உண்டாகவில்லை என்று ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். முதல் நாளே ஃபைல் போட்டார்கள். இடது பக்கம் மனைவி, வலது பக்கம் கணவர். என் பக்கத்தை மாதவிலக்குத் தேதியிலிருந்து தைராய்டு வரை எழுதி நிரப்பினார்கள். இவர் பக்கத்தில் பெயரும் வயதும் மட்டும். "அவருக்கு என்னம்மா, ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்றார் நர்ஸ். எங்களுக்கும் அப்போது அது சரியாகவே பட்டது.

எனக்கு 28 நாளுக்கொரு முறை மாதவிலக்கு தவறாமல் வரும். அதைச் சொல்லியும் கருமுட்டை வளர குளோமிஃபீன் எழுதினார்கள். முட்டை வளர்கிறதா என்று ஒரு ஸ்கேன் கிடையாது. கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கவில்லை. எட்டு மாதம் அதே மாத்திரை. பொதுவாக ஆறு சுழற்சிக்கு மேல் அதைத் தொடர்வதில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். எழுந்து தலையணை உறையை மாற்றிவிட்டு, குறை என்னிடம்தான் என்று அழுதுகொண்டே படுப்பேன்.

அப்புறம் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை. "குறைவா இருக்கு, முட்டை தீர்ந்துடும், உடனே ஐ.வி.எஃப்." என்று பயமுறுத்தி, அந்தச் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு முன்பணம் வாங்கிவிட்டார்கள். சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சம் என்று ஊகிக்கத்தான் அந்த ஏ.எம்.எச். சோதனை உதவும், தானாகக் கரு உண்டாகுமா என்பதை அது சொல்லாது. இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. முன்பணமும் திரும்பி வரவில்லை.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ஃபைலைப் புரட்டி, வலது பக்கத்தில் விரலை வைத்து, "இது ஏன் காலியா இருக்கு?" என்றார். இவரிடம் நேராகவே கேட்டார்: "ஜிம்முல ஊசி ஏதாவது போடுறீங்களா?" போட்டுக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு ஒன்றரை வருடமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறினால், விந்தணு உற்பத்திக்கு மூளை அனுப்பும் சிக்னல் நின்றுபோகுமாம். விந்துப் பரிசோதனையில் ஒரு அணுகூட இல்லை.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிமையானது: இரண்டிலிருந்து ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ரிசல்ட் மோசமாக வந்தால் இன்னொரு முறையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் முயன்றும் உண்டாகாவிட்டால், மனைவிக்கு 35 வயதோ அதற்கு மேலோ என்றால் ஆறே மாதத்தில், இருவரும் சேர்ந்தே போங்கள். ஜிம் ஊசி, மாத்திரை எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

ஊசியை நிறுத்தி ஏழு மாதமாகிறது. போன ரிப்போர்ட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 லட்சம் அணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.