விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமெண்ட்டுக்கு எஃபெக்ட்: உள்ளேயா, டிராக்கிலா, சென்டிலா?

கம்ப்யூட்டரிலேயே வாத்திய ஒலி தரும் மென்பொருள்தான் விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமெண்ட். அப்படி ஒரு ஸ்ட்ரிங்ஸ் பிளக்-இன்னைத் திறந்து ஒரு கார்டு அழுத்தினாலே அசந்து போவோம். அந்த அசத்தலில் பாதி, அதற்குள்ளேயே போட்டு வைத்திருக்கும் ரிவெர்ப், அதாவது அறைக்குள் வாசித்த மாதிரி எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட். தனியாகக் கேட்கும்போது மயக்க வேண்டும் என்றே பல பிரிசெட்டுகளில் (தயாராக அமைத்து வரும் ஒலிகளில்) அதைத் தாராளமாக ஊற்றியிருப்பார்கள். அடுத்தடுத்த டிராக்குகள் சேரும்போதுதான் சிக்கல்: பியானோ ஒரு பெரிய மண்டபத்தில், புல்லாங்குழல் ஒரு தேவாலயத்தில், டிரம்ஸ் ஒரு சின்ன அறையில் என்று ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து வாசிக்க, மிக்ஸ் கொழகொழவென்று ஆகிவிடும்.

அதனால் உள் ரிவெர்புக்கு என் ஓட்டு இல்லை, முதல் வேலையாக அணைத்துவிடுவேன். சிந்த், அதாவது ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் சிந்தசைஸர், மட்டும் வேறு கதை. அதில் கோரஸும் டிலேயும் ஒலியோடு சேர்த்தே செய்யப்பட்டவை, சில பேட்ச்களில் (ஒலி அமைப்புகளில்) கீபோர்டின் மாடுலேஷன் வீலைத் தள்ளினால் அவையும் கூடவே அசையும். பிடுங்கிவிட்டால் வெறும் அலைதான் மிஞ்சும், அங்கே கைவைக்க வேண்டாம்.

ஈக்யூ (கனத்த, கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), டிஸ்டார்ஷன் மாதிரி ஒலியின் குணத்தையே மாற்றுபவை டிராக் இன்சர்ட்டில்தான், அதாவது அந்த டிராக்கின் ஒலி முழுக்கக் கடந்து போகும் வழியில்தான், இருக்க வேண்டும். ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் இன்ஸ்ட்ருமெண்ட்டும் எஃபெக்ட்டும் ஒரே எஃப்எக்ஸ் பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. கம்ப்ரஸரை இன்ஸ்ட்ருமெண்ட்டுக்கு மேலே வைத்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்த இடத்தில் டிராக்கில் இருப்பது மிடி, அதாவது எந்த ஸ்வரத்தை எப்படி வாசிப்பது என்ற குறிப்பு, மட்டும்தான், ஆடியோ இன்னும் பிறக்கவே இல்லை. ஏபிள்டன் லைவில் இதே வரிசை இடமிருந்து வலம். எஃப்எல் ஸ்டுடியோவில் மிக்ஸர் டிராக் ஒன்றுக்கு 10 எஃபெக்ட் இடங்கள் உண்டு, ஆனால் இன்ஸ்ட்ருமெண்ட்டைத் தனி மிக்ஸர் டிராக்குக்குத் திருப்பிவிட்டீர்களா என்று பாருங்கள். மாஸ்டருக்கே போய்க்கொண்டிருந்தால், அங்கே போடும் எஃபெக்ட் மொத்தப் பாட்டுக்கும் விழும்.

கம்ப்ரஸர் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மைக்கில் பதிந்த பியானோவில் சில ஸ்வரங்கள் துருத்திக்கொண்டு நின்றால் கம்ப்ரஸர்தான் கதி, இங்கே அப்படியில்லை, மிடியில் அந்த ஸ்வரத்தின் வெலாசிட்டியை (எவ்வளவு வேகமாக அழுத்தியது என்ற அளவை) 110-லிருந்து 85-க்கு இறக்கலாம். நல்ல சாம்பிள் லைப்ரரி என்றால் சத்தம் மட்டும் குறையாது, மென்மையாக வாசித்த வேறு சாம்பிளே ஒலிக்கும். அதைச் செய்த பிறகும் தேவைப்பட்டால் கம்ப்ரஸருக்கு வாருங்கள்.

டிரம்ஸில் எல்லாம் ஒரே டிராக்கில் வந்தால் இன்சர்ட் தடுமாறும். ஸ்னேருக்காகப் போட்ட ஈக்யூ கிக்கையும் சேர்த்தே மாற்றும். பல டிரம் பிளக்-இன்களில் மல்டி அவுட்புட் இருக்கிறது, கிக், ஸ்னேர், ஓவர்ஹெட் என்று தனித்தனி டிராக்குக்குப் பிரித்துவிட்டால் கவலை விட்டது.

சரி, ரிவெர்பும் டிலேயும்? அவை சென்டுக்கு, அதாவது டிராக்கின் ஒலியில் ஒரு பிரதியை வேறொரு டிராக்குக்கு அனுப்பும் வழிக்கு. தனியாக ஒரு டிராக் திறந்து, ரீப்பரோடு வரும் ரீவெர்பேட் என்ற ரிவெர்பை அதில் போட்டு, ட்ரை (எஃபெக்ட் சேராத அசல் ஒலி) அளவை முழுக்க இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அசல் ஒலியும் இரட்டித்து வரும். ரிவெர்புக்கு முன்னால் ஒரு ஈக்யூ வைத்து 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாதிக் கொழகொழப்பு போய்விடும். பிறகு ஒவ்வொரு இன்ஸ்ட்ருமெண்ட்டிலிருந்தும் வேண்டிய அளவு அனுப்பலாம்: புல்லாங்குழல் தள்ளி நிற்க வேண்டுமா, கொஞ்சம் கூட. பாஸ் பக்கத்தில் இருக்க வேண்டுமா, அனுப்பவே வேண்டாம். எட்டு டிராக்குக்கு எட்டு ரிவெர்ப் ஓடுவதற்குப் பதில் ஒன்றே ஓடுவதால் கம்ப்யூட்டரும் மூச்சு விடும். சென்ட் போஸ்ட்-ஃபேடரில் (டிராக்கின் சத்தக் கட்டுப்பாடான ஃபேடருக்குப் பின்) இருக்கட்டும், ப்ரீ-ஃபேடர் (அதற்கு முன்) என்றால் ஃபேடரை இறக்கிய பிறகும் எதிரொலி மட்டும் பேய் மாதிரி நிற்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களும் உண்டு.

நான்காவதாக, ஃப்ரீஸ் செய்தோ ரெண்டர் செய்தோ ஆடியோவாக்கிவிட்டு அதன் மேல் எஃபெக்ட் போடுவது. பழைய லேப்டாப்புக்கு இது வரம். பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குக் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவை) 128 சாம்பிளில் வைத்துக் கீபோர்டு வாசிக்கும்போது ஒலி படபடவென்று வெடித்தால், கனமான டிராக்குகளை ஃப்ரீஸ் செய்தாலே அடங்கும். ரிவர்ஸ் பண்ணுவது, துண்டு போடுவது எல்லாம் ஆடியோவில்தான் நடக்கும். ரவுண்ட்-ராபின் (ஒரே ஸ்வரத்துக்குப் பல சாம்பிள்களை மாற்றி மாற்றி ஒலிப்பது) உள்ள லைப்ரரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கலாம், பிடித்துப்போன ஒன்றை நிறுத்திவைக்கவும் இதுவே வழி. ஸ்வரம் மாற்ற வேண்டி வந்தால் மட்டும் திரும்ப மிடிக்குப் போக வேண்டும், அதனால் மிடி டிராக்கை அழிக்காமல் மியூட் செய்து வையுங்கள். ரெண்டர் செய்யும்போது கடைசியில் ஓரிரு வினாடி டெயில் (கூடுதல் நேரம்) விடவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டிலேயின் வால் பாதியில் அறுந்து நிற்கும்.