இலைக் கணக்கு சாஃப்ட்வேர் வாங்குகிறவர்களே, உஷார்! 42,000 ரூபாய் போச்சு

கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜென்ட் நான். நோட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்று கீழே கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கடையில் 42,000 ரூபாய் கட்டினேன். கடைப் பெயர் இங்கே வேண்டாம்.

கடைப் பையன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பெயரைத் தட்டினான், எடையைப் போட்டான், பில் வந்து நின்றது. "சின்னப் பசங்ககூட பதியலாம்ங்ணா, எதுன்னாலும் ஒரு போன் போடுங்க, நான் இருக்கேன்" என்றான். பேச்சில் அவ்வளவு மரியாதை. அங்கேயே முழுப் பணத்தையும் ஜிபே பண்ணிவிட்டேன். அவன் காட்டியது முன்கூட்டியே நிரப்பி வைத்த நாலு பெயர், கடை வைஃபை. எங்கள் ஊர் நிலவரம் அதில் எங்கே இருக்கிறது?

இங்கே வந்ததும் தெரிந்தது. போஜன் என்று தேடினால் ஒரு கூட்டமே வரிசையாக வருகிறது. எந்த ஹட்டி (எங்கள் பக்கம் ஊரை அப்படித்தான் சொல்வோம்) போஜன் என்று இல்லை. 45.5 கிலோவில் புள்ளி விட்டுப்போனால் 455 என்று சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. ஒரே நாளில் 455 கிலோ கொண்டுவர அவர் என்ன எஸ்டேட்டா வைத்திருக்கிறார்? படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் தப்பாக அடித்தால் மொத்தப் படிவமும் காலி, திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டும். 'சேமி'யும் 'அழி'யும் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில். மழையில் நெட் இழுத்தால் பதிந்ததா இல்லையா என்று சொல்லாது. மறுபடி அழுத்தினால் அதே இலை இரண்டு தடவை ஏறிவிடும்.

பேங்க் விவரம் இன்னும் மோசம். பேங்க் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி கோடில் 11 எழுத்து, ஐந்தாவது இடத்தில் பூஜ்யம். அங்கே 'ஓ' எழுத்தைப் போட்டாலும் சரி என்கிறது. கணக்கு எண்ணை எண்ணாகவே எக்செலுக்கு அனுப்புகிறது. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்துக்கொள்ளாது, 16 இலக்கக் கணக்கில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் போச்சு. விவசாயிக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்றால் வாசலில் வந்து நிற்பது என்னிடம்தானே!

போன் போட்டால் முதலில் "அடுத்த அப்டேட்ல வந்துரும்ங்ணா." அப்புறம் "உங்க நெட்டுதாங்ணா ஸ்லோ." அதற்கப்புறம் "டெவலப்பர் லீவு." கடைசியில் ஹட்டி பெயரைச் சேர்ப்பதற்குத் தனியாகப் பணம் கேட்டான். 42,000 வாங்கினவன்! இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை.

நல்ல பதிவுப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. டெமோவில் அவனைத் தட்டவிடாதீர்கள், தினமும் பதியப்போகிறவரை உட்கார வையுங்கள். வேண்டுமென்றே தப்பான எடை போடுங்கள், "இவ்வளவா?" என்று கேட்கிறதா பாருங்கள். நெட்டை அணைத்துவிட்டுச் சேமித்துப் பாருங்கள். கணக்கு எண்ணை இரண்டு தடவை கேட்க வேண்டும், எண்ணாக இல்லாமல் எழுத்தாகத்தான் (டெக்ஸ்ட்) வைக்க வேண்டும். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டி மாட்டியிருந்தால் பில், மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. நான் நேற்று அந்த 42,000 ரூபாய்க்காகப் புகார் கொடுத்துவிட்டேன்.