தாம்போதிக்கு எது தோது: தானியங்கிக் கருவியா, மஞ்சள் கோடா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர். அதோடு பார்த்தால் என் கஷ்டம் சின்னதுதான். களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பிய வண்டி ஒரு தாம்போதியை (ஓடையில் தண்ணீர் கூடினால் மேலேறி ஓடும்படி தாழ்வாகப் போட்ட பாலம்) தாண்டி, அடுத்ததில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத் திரும்புவதற்குள் முதல் தாம்போதியும் மூழ்கிவிட்டது. முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் இரண்டு நாள். கேரளாவுக்குப் போக வேண்டிய பச்சைத்தார் வண்டியிலேயே நிறம் மாறியது. டிரைவர் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தார்.

அதற்கப்புறம்தான் சாலையோர மழையை நாமே அளந்து பார்த்தால் என்ன என்று இறங்கினேன். 2024 மழைக்காலத்துக்குத் தானியங்கி வானிலைக் கருவி ஒன்று வாங்கி மாட்டினேன். அடுத்த வருடமே கைமழைமானிக்கும் தாம்போதிச் சுவரில் அடித்த மஞ்சள் கோட்டுக்கும் மாறிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

செல்போனில் வரும் எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு கிடையாது, பார்க்காமல் இருக்கக் கூடாது. ஆனால் ‘மிகக் கனமழை’ என்றால் ஒரு நாளில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை, அதுவும் மாவட்டத்துக்கு மொத்தமாகச் சொல்வது. என் ஓடைக்கு என்ன வரும் என்று அது சொல்லாது. அதை நம்பி வண்டியை நிறுத்தினால் ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் வண்டி ஓடாது.

தானியங்கிக் கருவி நல்ல பொருள்தான். கம்பத்தில் மழை, காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளக்கும், வீட்டுக்குள் ஒரு திரை, செல்போனிலும் தெரியும். எனக்குக் கம்பம், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயை ஒட்டி ஆனது. மழை மணிக்கு எத்தனை மி.மீ. வீதம் பெய்கிறது என்பதைப் படுத்த படுக்கையில் பார்க்கலாம். கைமழைமானியில் அது கிடையாது. வாழை போட்டவர்களுக்குக் காற்றின் வேகம் தெரிவது ஒரு லாபம். முட்டுக்கம்பு கொடுக்க நேரம் கிடைக்கும். முதல் ஒரு மாதம் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் பராமரிப்பு தொடங்கியது. இந்தக் கருவிக்குள் மழையை அளப்பது இரண்டு சின்னக் கிண்ணங்கள், பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி. புனலில் விழும் தண்ணீர் ஒரு கிண்ணத்தை நிரப்பினால் அது சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். எத்தனை முறை சாய்ந்தது என்பதுதான் கணக்கு. அந்தப் புனலின் துளையில் ஒரு வேப்பிலை அடைத்தாலும் கணக்குப் போச்சு. எனக்கு இலை மட்டுமா அடைத்தது? புரட்டாசியில் குளவி மண்கூடு கட்டியது. சிலந்தி கிண்ணத்தின் குறுக்கே வலை பின்னி, சாயவிடாமல் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேல் மயில். கம்பத்தின் உச்சியில் வந்து உட்காருவதற்கு அதற்கு அத்தனை ஆசை. எச்சம் புனலுக்குள், கம்பம் ஒரு பக்கம் சாய்வு. கம்பம் சாய்ந்தால் கிண்ணங்கள் மட்டத்தில் இருக்காது, அளவு தப்பும். கணவாய்க் காற்று பலமாக அடிக்கும் ஆடியில் ஆணிகளை இரண்டு தடவை இறுக்கினேன்.

இதில் கொடுமை, கருவி கெட்டுப்போனது என்று தெரியாததுதான். அடைத்த புனல் ‘மழை 0’ என்றே காட்டும். மழை பெய்யாத நாளிலும் அதே 0 தான். வெளியே ஓட்டில் மழை தடதடவென்று அடிக்க, திரையில் 0 என்று பார்த்த அன்றுதான் ஏணியை எடுத்தேன். சரி, துடைத்தாயிற்று என்றால், பெரிய மழை வரும் இரவில் கரண்டு போகும், வைஃபை போகும், செல்போனில் ஒன்றும் வராது. இன்வெர்ட்டர் வைத்தேன், அதற்கு ஒரு செலவு. அசலான கனமழையில் கிண்ணம் சாய்கிற இடைவெளியில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் அளவு குறைந்து காட்டுவதும் இந்த வகைக் கருவிக்கே உள்ள குணம். லட்சக்கணக்கில் விற்கும் அரசுத் தரக் கருவிகளில் இந்தத் தொல்லைகள் குறைவாக இருக்கலாம். நான் வைத்திருந்தது வீட்டு உபயோக வகை ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு மழைக்காலம். அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

என் அத்தான் கனடாவில் ஒண்டாரியோ பக்கம் லாரி ஓட்டுகிறார். அவரிடம் புலம்பினால் சிரித்தார். அங்கே குளிர்கால நெடுஞ்சாலைகளில் சாலையோர வானிலை நிலையம் ஒன்று அமைக்கவே பல்லாயிரம் டாலர் ஆகுமாம். தார் ரோட்டுக்குள்ளேயே உணர்கருவியைப் பதித்து, ரோட்டின் மேல்பரப்பு வெப்பம், ஈரம், பனி உறையாமல் இருக்கத் தூவிய உப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார்கள். ரோட்டுக்குப் புதுத் தார் போட்டால் பதித்ததைத் தோண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது போனதுதான். ஆக, பராமரிப்புத் தொல்லை அங்கேயும் உண்டு. ஆனாலும் அவர்களுக்கு அது கட்டுபடியாகிறது. காற்றில் வெப்பம் 0 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே, மேகம் இல்லாத இரவில் ரோடு 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படர்ந்திருப்பது டிரைவர் கண்ணுக்கே தெரியாது. பாலங்கள் இன்னும் மோசம், அடியிலும் காற்று ஓடுவதால் முதலில் உறையும். உறைவதற்கு முன்பே உப்புத் தூவினால் கொஞ்சம் போதும், உறைந்த பின் என்றால் அள்ளிக் கொட்ட வேண்டும். அதிலும் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. எந்த இரவில் வண்டியையும் ஆளையும் அனுப்புவது என்ற தீர்மானத்திலேயே பெரிய பணம் மிச்சமாகிறது.

எனக்குத் தெரிய வேண்டியதோ ஒன்றே ஒன்று: தாம்போதி மேல் தண்ணீர் எவ்வளவு. அது கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம். அதுவும் ஊருக்குள் வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். என் கம்பத்துக் கருவி நூறு சதவீதம் சரியாக வேலை செய்தாலும் அந்தத் தண்ணீரைச் சொல்லியிருக்காது. இதை 20,000 ரூபாய் செலவழித்த பிறகுதான் உணர்ந்தேன் என்பது வெட்கம்தான்.

இப்போதைய ஏற்பாடு இது. தாம்போதிச் சுவரில் அரையடிக்கு ஒன்றாக மூன்று மஞ்சள் கோடு. பக்கத்து டீக்கடைக்காரர் இரவு கடை அடைக்கும்போதும் விடிகாலை மூன்றுக்கு அடுப்பு பற்றவைக்கும்போதும் டார்ச் அடித்துப் பார்த்து எனக்குப் போன் போடுவார். “அண்ணாச்சி, தண்ணி ரெண்டாங் கோட்டத் தொட்டுட்டு, வண்டிய விட்டுராதிய” என்றால் அதற்கு மேல் எனக்கு எந்தத் திரையும் வேண்டாம். வீட்டு முற்றத்தில் ஃபைபர் மழைமானி, காலை 8.30 மணிக்கு, வானிலை மையம் அளக்கும் அதே நேரத்தில், அளந்து காலண்டரில் எழுதுகிறேன். பெயின்ட், மழைமானி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாயைத் தாண்டவில்லை. டீக்கடைக்காரருக்கு மழைக்கால மூன்று மாதமும் ஏதோ கொடுக்கிறேன், அதோடு சீசனுக்கு ஒரு தார். மழைமானிக்குப் பராமரிப்பு என்றால் வாரம் ஒரு முறை கழுவித் துடைப்பது.

குறை இல்லாமல் இல்லை. முழுக்க ஓர் ஆளை நம்பி நிற்கிறது. போன கார்த்திகையில் அவர் மகள் வீட்டுக்குப் போன இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. நானே பைக்கில் போய்ப் பார்த்தேன். நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் நடுவில் தண்ணீர் ஏறினால் யாருக்கும் தெரியாது. ஆள் நடமாட்டமே இல்லாத மலைப்பாதைக்கு, மாஞ்சோலைப் பக்கம் மாதிரி, இது உதவாது. அங்கே தானியங்கிதான் வேண்டும், அதைத் துடைக்கப் போகிறவரோடு சேர்த்து. ஊரில் பள்ளிக்கூடமோ விவசாயிகள் குழுவோ இருந்து, மாதம் இரண்டு முறை ஏணி வைத்து ஏற ஒரு பையன் கிடைப்பான் என்றாலும் தாராளமாக வாங்கலாம்.

என் பழைய கருவியைக் கழற்றிவிட்டேன். அதன் திரை மட்டும் மண்டி மேஜையில் கடிகாரமாக இருக்கிறது. மஞ்சள் கோட்டில் கீழ்க்கோடு பாசி பிடித்து மங்கிவிட்டது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும்.