ரெண்டு ரூட்டர், ரெண்டு ஃபைபர்: எச்எஸ்ஆர்பி, விஆர்ஆர்பி, ஜிஎல்பிபி மூன்றில் எது?

சிங்கப்பூரின் உபி பகுதியில் 40 பேர் வேலை பார்க்கும் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்பு, இரண்டு ரூட்டர். ஒரு ரூட்டர் விழுந்தால் மற்றது பொறுப்பேற்கச் செய்யும் நெறிமுறைகளே எச்எஸ்ஆர்பி (HSRP), விஆர்ஆர்பி (VRRP), ஜிஎல்பிபி (GLBP). கணினிகளுக்குத் தெரிவது ஒரே ஒரு மெய்நிகர் கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரி. அதை யார் சுமப்பது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

எச்எஸ்ஆர்பி சிஸ்கோவின் சொந்தம். 3 வினாடிக்கு ஒரு ஹலோ, அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற செய்தி. 10 வினாடி பதில் இல்லையென்றால் மாற்று ரூட்டர் பொறுப்பேற்கும். முன்னுரிமை கூடிய ரூட்டர் மீண்டதும் பதவியைத் திரும்பப் பெறும் ப்ரீஎம்ப்ட் கட்டளையை நாமே போட வேண்டும். விஆர்ஆர்பி பொதுத் தரம். மைக்ரோடிக், ஃபோர்ட்டிகேட் கருவிகளிலும் ஓடும். 1 வினாடி அறிவிப்பு, சுமார் 3.6 வினாடியில் மாற்றம், ப்ரீஎம்ப்ட் இயல்பாகவே உண்டு. புதிதாகப் போடுவோருக்கு இதுவே என் தேர்வு.

ஜிஎல்பிபியும் சிஸ்கோவுடையதே. ஒரே ஐபி முகவரிக்கு நான்கு வரை மேக் (வன்பொருள்) முகவரிகளை மாறி மாறிக் கொடுத்துச் சுமையைத் தானாகப் பிரிக்கும். கேட்க அழகு. ஆனால் ஒவ்வொரு ரூட்டரும் தன் இணைப்பில் நாட் (உள் முகவரியைப் பொது ஐபியாக மாற்றுதல்) செய்தால், கணினி மறுபடி ஏஆர்பி (இந்த ஐபிக்கு எந்த மேக் என்ற கேள்வி) கேட்கும்போது வேறு மேக் கிடைக்கலாம். பொது ஐபி மாறி, வங்கித் தளமும் விபிஎன்னும் நடுவே அறுந்துபோகும். ஒரு கணினிக்கு எப்போதும் ஒரே மேக் தரும் ஹோஸ்ட் டிபென்டன்ட் முறையில் வைத்தால் இது அடங்கும். அதைவிட, விஆர்ஆர்பியில் இரண்டு குழு போடுவது தெளிவு: ஊழியர் விலானுக்கு (தனியாகப் பிரித்த உள்வலைக்கு) ரூட்டர் அ முதன்மை, விருந்தினர் விலானுக்கு ரூட்டர் ஆ.

பலரும் சறுக்குவது கண்காணிப்பில்தான். ஃபைபர் அறுந்தாலும் ஓஎன்டிக்கும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கும்) ரூட்டருக்கும் இடையிலான ஈத்தர்நெட் கேபிள் உயிரோடுதான் இருக்கும். போர்ட்டை மட்டும் கவனிக்கும் ரூட்டர் பதவியை விடாது, பாக்கெட்டுகள் வீணாகும். வெளியே உள்ள ஒரு முகவரிக்கு அந்த இணைப்பு வழியாகவே பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பிக் கண்காணியுங்கள்; பதில் வராவிட்டால் அந்த ரூட்டரின் முன்னுரிமை எண் குறையும்படி வையுங்கள். கணக்கிலும் கவனம்: முன்னுரிமை 110, 100 என்று வைத்து, சிஸ்கோவின் இயல்பான 10-ஐக் கழித்தால் இரண்டும் 100, விஆர்ஆர்பியில் மாற்றம் நடக்காது. 20 கழியுங்கள். மறுதொடக்கமான ரூட்டர் இணைப்பு தயாராகும் முன்பே பதவியைப் பறிக்காதிருக்க, ப்ரீஎம்ப்ட் தாமதம் 60 வினாடி.

இன்னொன்று: சிங்கப்பூரில் பல நிறுவனங்களின் இணைப்பும் நெட்லிங்க் டிரஸ்ட் இழைகளில்தான் வருகிறது. இரண்டு பில் வந்தாலும் கட்டடத்துக்குள் நுழையும் குழாய் ஒன்றாகவே இருக்கலாம். இரண்டாவது வழியாக 5ஜி ரூட்டர் வைப்பதை யோசியுங்கள்.